வாடியும் வாடிவீடும்



நமது வழக்கிலே ‘வாடி’ என்றொரு சொல் உண்டு. பருவத்துக்குப் பருவம் மீன் தேடிக் கரை மாறும் கடற்றொழிலாளர், தாம் சென்றடைந்த கரையிலே கிடுகும் பனையோலையும் கொண்டு அமைக்கும் கொட்டிலுக்கு வாடி என்று பெயர். வலையும் பாயும் துடுப்பும் அங்கேதான் இருக்கும்; சமையலும் உறக்கமும் அங்கேதான்; பட்ட மீனை உப்பிட்டுக் கருவாடாக்குவதும் அதன் முற்றத்திலேதான். பருவம் முடிந்ததும் வாடியைப் பிரித்துக்கொண்டு ஊர் திரும்புவர்.

அதே சொல்லை முதலாகக் கொண்டு ‘வாடிவீடு’ என்ற சொல்லும் இலங்கைத் தமிழில் வழங்குகின்றது. பிரயாணஞ் செய்யும் உத்தியோகத்தரும் பிறரும் இரவு தங்கிச் செல்வதற்கென அரசாங்கத்தார் அமைத்த விடுதிக்கு அது பெயர். முன்னையது உழைக்க வந்தவன் தங்குமிடம். பின்னையது ஊர் பார்க்க வந்தவன் தங்குமிடம். இரண்டும் ஒரே கரையில் அயலவையாக இருக்க இயலுமா என்பதே இன்றைய பேச்சின் பொருள். யாழ்ப்பாணக் குடாநாட்டின் வடகரையை, அதிலும் கீரிமலை, காங்கேசன்துறை, மயிலிட்டி என்னும் மூன்று ஊர்களை, உதாரணமாகக் கொண்டு இதனை ஆராய்வோம்.

யாழ்ப்பாண நகரிலிருந்து வடக்கு நோக்கிச் செல்லும் பெருவீதி ஏறத்தாழ 18 கிலோமீற்றர் சென்று கடலோடு முடிகின்றது. முடியும் இடம் காங்கேசன்துறை. அதற்கு மேற்கே சிறிது தூரத்தில் கீரிமலை. கிழக்கே சிறிது தூரத்தில் மயிலிட்டி. இன்னுங் கிழக்கே செல்வோமாயின் பலாலி, தொண்டைமானாறு, வல்வெட்டித்துறை, பருத்தித்துறை என ஊர்கள் தொடர்ந்து செல்லும். எதிரே பாக்கு நீரிணை. அதற்கப்பால் சோழமண்டலக் கரை. சுண்ணாம்புப் பாறையும் முருகைக்கல்லும் மிக்க இக்கரையிலே, வள்ளம் இழுத்து வைப்பதற்கு ஏற்ற மணற்பரப்பு ஆங்காங்கே தான் உண்டு. இதனை நேயர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன். பின்னர் நாம் கூறப்போகும் பல செய்திகள் அந்தச் சிறு மணற்பரப்புகளைப் பற்றியவையே.

இக்கரைக்கு விருந்தினர் வருவது புதிதன்று. கீரிமலைக்கு மேற்கே, மாதகலுக்கு அணித்தாயுள்ள சம்புத்துறையே மகாவம்சம் கூறும் ஜம்புகோளத் துறை எனச் சரித்திர ஆசிரியர் கொள்வர். அசோக சக்கரவர்த்தியின் மகளாகிய சங்கமித்தை வெள்ளரசங் கிளையோடு வந்திறங்கிய துறை அதுவென்பது அந்நூலின் கூற்று. காங்கேசன்துறை என்னும் பெயரும் ஒரு வருகையினால் ஏற்பட்டதே. ஒல்லாந்தர் காலத்திலே மாதகல் மயில்வாகனப் புலவர் எழுதிய யாழ்ப்பாண வைபவமாலை கூறும் ஐதிகத்தின்படி, மாருதப்புரவீகவல்லி என்னும் சோழ இளவரசி குதிரைமுகம் நீங்குதற் பொருட்டுக் கீரிமலையிலே தீர்த்தமாடினாள். முகம் மாறியபின் முருகனுக்கு ஆலயம் எடுப்பித்தாள். மா விட்ட புரம் மாவிட்டபுரமாயிற்று. காங்கேயனாகிய முருகனின் திருவுருவம் வந்திறங்கிய துறை காங்கேசன்துறையாயிற்று. ஐதிகத்தைச் சரித்திரமாகக் கொள்ளல் வேண்டுவதில்லை. ஆயினும், பெயர் வழங்கத் தொடங்கிய காலத்திலேயே இது வெளியிலிருந்து மக்கள் வந்து போகும் கரையாக மதிக்கப்பட்டது என்பதை அது காட்டுகின்றது.

கீரிமலைக் கேணியின் இயல்பையும் சற்றே நோக்குவோம். குடாநாட்டிலே பேராறு ஒன்றும் இல்லை. பெய்யும் மழை சுண்ணாம்புப் பாறையின் வெடிப்புகளினூடே கீழிறங்கி, நிலத்தடியிலுள்ள உவர்நீரின் மேல் ஒரு நன்னீர்ப் படலமாய் மிதக்கின்றது. கிணற்று நீர் யாவும் அப்படலத்திலிருந்து நாம் எடுப்பதே. அந்நன்னீர் கடலை நோக்கி வழிந்து வெளிப்படும் வாயில்களுள் ஒன்றே கீரிமலை ஊற்று. அலை வந்து மோதும் சுவரின் இப்புறத்திலே நன்னீர் ஊறுவது கண்டு நம் முன்னோர் வியந்தனர், தீர்த்தமெனப் போற்றினர். ஆடி அமாவாசையன்று தந்தையை இழந்தோர் ஆயிரக்கணக்கில் இங்கு கூடிப் பிதிர்க்கடன் செய்வர். மாவிட்டபுரக் கந்தனும் அன்று தீர்த்தமாட இங்கு எழுந்தருளுவான்.

யாத்திரிகர் வந்தனர், நீராடினர், மடங்களிலே தங்கினர், ஊர் திரும்பினர். கரையின் உரிமை கைமாறவில்லை. அவர்கள் சென்ற மறுநாட் காலையிலும் வள்ளங்கள் கடலிலே இறங்கின.

அவ்வள்ளங்களுக்கு உரியோரின் வாழ்வு காற்றோடு பிணைந்தது. வடக்கேயிருந்து வருவது வாடை. தெற்கேயிருந்து வருவது சோழகம். கிழக்கேயிருந்து வருவது கொண்டல். மேற்கேயிருந்து வருவது கச்சான். வாடைக் காற்று வீசும் மாதங்களிலே வடகரை கொந்தளிக்கும். சோழகம் வீசும் மாதங்களிலே நிலம் காற்றை மறைப்பதனால் கடல் பெரும்பாலும் அமைதியாயிருக்கும். எந்தக் காற்றிலே எந்த மீன் எந்த ஆழத்திற்கு வரும் என்பதை அவர்கள் ஏட்டிலே படித்தறியவில்லை. தந்தையோடு வள்ளத்தில் இருந்து அறிந்தனர். மீன்படும் இடத்தைக் குறித்துக்கொள்ள அவர்களிடம் கருவி ஏதும் இருக்கவில்லை. கரையிலுள்ள கோயிற் கோபுரத்தையும் அதற்குப் பின்னே தெரியும் ஓர் உயர்ந்த பனையின் தலையையும் ஒரே நேரில் வைத்துப் பார்ப்பர். பின்னர் வேறு பக்கத்திலே தேவாலயக் கூம்பையும் வெளிச்சவீட்டையும் அவ்வாறே நேர்பார்ப்பர். இரண்டு நேர்கோடுகளும் வெட்டும் இடமே மீன்படும் பார். கேத்திரகணித ஆசிரியன் கரும்பலகையிலே கீறிக் காட்டுவதை அவர்கள் ஆடும் வள்ளத்திலே நின்று செய்தனர்.

கரைவலை இழுப்போர்க்குப் ‘பாடு’ என்னும் உரிமை உண்டு. இன்ன கரையிலே இன்னார் வலை வளைக்கலாம் என்று வழக்கத்தால் நிலைபெற்ற உரிமை அது. காணி உறுதியிலே தோட்டத்துக்கு எல்லை எழுதுவதுபோல் கடலுக்கு எல்லை எழுத முடியாது. ஆயினும் எல்லை உண்டு; ஊரவர் அனைவரும் அதனை அறிவர். பட்ட மீனைப் பங்கிடுவதற்கும் முறை உண்டு. வலைக்குப் பங்கு, வள்ளத்துக்குப் பங்கு, உழைத்தவனுக்குப் பங்கு. எஞ்சியதைக் கடகத்திலே சுமந்து உள்ளூர்களிற் சென்று விற்றவர்கள் பெண்கள். இத்துணை அறிவும் ஒழுங்கும் உடைய மக்களுக்கு உரிய மதிப்பை நமது சமூகம் எக்காலத்தும் அளித்தது என்று கூறுவோமாயின் அது உண்மையாகாது. அவர்கள் மீனை விரும்பினோம். அவர்களைத் தள்ளியே வைத்தோம். இதனையும் சரித்திரத்தின் ஒரு பகுதியாகவே சொல்லல் வேண்டும்.

இக்கரையின் கைத்திறனை உலகம் அறியாமலும் இருக்கவில்லை. வல்வெட்டித்துறை ஓடாவிமார் அமைத்த ‘அன்னபூரணி’ என்னும் பாய்க்கப்பலை அமெரிக்கர் ஒருவர் விலைக்கு வாங்க, அது அந்நாட்டிலுள்ள குளொஸ்டர் துறைமுகத்தை 1938ஆம் ஆண்டு சென்றடைந்தது. கடல் கடந்து வந்த அந்த விருந்தினர் இங்கு விரும்பி வாங்கியது இம்மக்களின் கைவேலையை. அவர்கள் கரையை வாங்குதல் வேண்டும் என்று அந்நாளில் எவரும் எண்ணவில்லை.

இனி, விருந்தினரின் இரண்டாம் வரிசை. 1893ஆம் ஆண்டு காங்கேசன்துறையிலே வெளிச்சவீடு எழுந்தது. 1902ஆம் ஆண்டு குடாநாட்டின் உள்ளே புகையிரதம் ஓடத் தொடங்கிற்று. 1905ஆம் ஆண்டு அப்பாதை கொழும்போடு இணைந்தது. தலைநகரிலே ஏறியவர் இறங்காமலே வடகடலைக் காணும் வசதி ஏற்பட்டது. புகையிரத நிலையத்திலிருந்து கூப்பிடு தூரத்திலே துறைமுகம். கடலை நோக்கிய வாடிவீடு. கடற்காற்று நெஞ்சு நோய்க்கு நல்லது என்று கருதிய காலத்திலே மயிலிட்டியில் கசநோய் வைத்தியசாலையும் அமைந்தது. 1950ஆம் ஆண்டிலே சீமெந்துத் தொழிற்சாலை வந்தது. அதற்கு வேண்டிய சுண்ணக்கல் அயலிலேயே அகழப்பட்டது. 1956ஆம் ஆண்டு யாழ்தேவி ஓடத் தொடங்கிற்று.

இந்நாட்களின் கடைக்கூற்றை யான் நேரிற் கண்டவன். 1970களின் பிற்பகுதியிலே, சிறுவனாயிருந்தபோது, ஞாயிற்றுக்கிழமைகளில் எந்தையார் எங்களைப் புகையிரதத்திலே காங்கேசன்துறைக்கு அழைத்துச் செல்வதுண்டு. கீரிமலையிலே நீராடுவோம். மாலையிலே துறைக்கு வந்து, கரை சேரும் படகுகளைப் பார்த்து நிற்போம். நகரத்தார் மீன் வாங்குவர்; பிள்ளைகள் சிப்பி பொறுக்குவர்; வலை திருத்துவோர் தம் வேலையைப் பார்ப்பர். எவரும் எவருக்கும் இடைஞ்சலாயிருந்ததாக எனக்கு நினைவில்லை. எந்தையார் ஒரு முறை என்னை அதட்டியது மட்டும் நினைவிருக்கின்றது. காயப் போட்டிருந்த வலையை யான் மிதித்துவிட்டேன். ‘அது அவர்களுடைய வயல், செருப்புக் காலோடு வயலிலே இறங்குவாயா?’ என்று கேட்டார். விருந்தினன் அறிய வேண்டிய பாடம் முழுவதும் அந்த ஒரு கேள்வியிலே அடங்கியிருந்தது என இப்பொழுது உணர்கிறேன்.

அதே காலத்திலே இலங்கையின் பிற கரைகளிற் பெரியதொரு மாற்றம் நிகழ்ந்துகொண்டிருந்தது. 1966ஆம் ஆண்டு உல்லாசப் பிரயாண சபை சட்டத்தினால் நிறுவப்பட்டது. அவ்வாண்டிலே இந்நாட்டுக்கு வந்த வெளிநாட்டு உல்லாசப் பிரயாணிகள் 18,969 பேர். 1982ஆம் ஆண்டிலே அத்தொகை 407,230 ஆக உயர்ந்தது. பதினாறு ஆண்டுகளில் இருபது மடங்குக்கு மேற்பட்ட வளர்ச்சி! தெற்கே இக்கடுவை என்னும் மீனவக் கிராமம் விடுதிகளின் வரிசையாயிற்று. கிழக்கே பாசிக்குடா, நிலாவெளி ஆகிய கரைகளிலும் விடுதிகள் எழுந்தன. உல்லாசப் பிரயாணத்துக்கென 1967இல் வகுக்கப்பட்ட பத்தாண்டுத் திட்டம் கொழும்பு, தென்கரை, கிழக்குக்கரை, மலைநாடு, புராதன நகரங்கள் என ஐந்து பகுதிகளைக் குறித்தது. வடகரை அவற்றுள் இல்லை. ஆதலின் நமது மீனவர் அக்காலத்திலே வேறொரு வளர்ச்சியைக் கண்டனர்: இயந்திரப் படகும் நைலோன் வலையும் வந்தன. மேற்கே காரைநகரிலே நோர்வே நாட்டினரின் உதவியோடு சீநோர் படகுத்தளம் தொழிற்பட்டது. மயிலிட்டி வடக்கின் பெயர்பெற்ற மீன்பிடித் துறைமுகங்களுள் ஒன்றாயிற்று.

பின்னர் வந்தது யுத்தம். 1990ஆம் ஆண்டு யூன் மாதத்திலே போர் மீண்டும் மூண்டபோது இவ்வூர்களின் மக்கள் கையிற் கிடைத்ததை எடுத்துக்கொண்டு வெளியேறினர். சில நாட்களில் திரும்பலாம் என்றே பலரும் நினைத்தனர். கதவைப் பூட்டித் திறப்பை மடியிலே செருகிக்கொண்டு வந்தவர்களை யான் அறிவேன். ஊர்கள் உயர் பாதுகாப்பு வலயமாயின. புகையிரதம் நின்றது, தொழிற்சாலை நின்றது, வைத்தியசாலையும் பாடசாலைகளும் பாழாயின. கடற்றொழிலாளர் நலன்புரி நிலையங்களிலும் அயற்கரைகளிலும் கொட்டில் அமைத்துத் தங்கினர். பிறர் கரையிலே பிறர் பாட்டுக்கு இடைஞ்சலின்றித் தொழில் செய்ய அவர்கள் இடங் கேட்டு நிற்க வேண்டியிருந்தது. நேயர்களே, ஒரு பருவத்துக்கென்று அமைப்பதுதான் வாடி என்று தொடக்கத்திலே கூறினேன். மயிலிட்டி மக்கள் வாடியிலே வாழ்ந்தது இருபத்தேழு ஆண்டுகள்.

2009ஆம் ஆண்டு யுத்தம் முடிந்தது. ஏ-9 நெடுஞ்சாலை திறந்தது. தென்னிலங்கையிலிருந்து பஸ் வண்டிகளிலே மக்கள் ஆயிரக்கணக்காக வடக்கைப் பார்க்க வந்தனர். நயினாதீவுக்கும் நல்லூருக்கும் கீரிமலைக்கும் சென்றனர். நெடுங்காலம் அடைபட்டிருந்த நாட்டிலே ஒருவரை ஒருவர் பார்ப்பது நல்லதே. அதனை வெறுக்க வேண்டியதில்லை. ஆனால் சரித்திர மாணவன் ஆண்டுகளை வரிசைப்படுத்திப் பார்க்கக் கடமைப்பட்டவன். காங்கேசன்துறைக் கடலோரத்திலே இராணுவத்தினரால் நடத்தப்படும் உல்லாச விடுதி திறக்கப்பட்ட ஆண்டு 2010. காங்கேசன்துறைக்குப் புகையிரதம் மீண்டும் ஓடிய ஆண்டு 2015. மயிலிட்டித் துறைமுகமும் அதனைச் சூழ்ந்த ஐம்பது ஏக்கருக்குச் சற்று மேற்பட்ட நிலமும் மக்களிடம் திரும்பக் கையளிக்கப்பட்டது 2017ஆம் ஆண்டு யூலை மாதம். புதுப்பிக்கப்பட்ட துறைமுகம் திறந்து வைக்கப்பட்டது 2019ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம். வாடிவீடு முதலில் வந்தது. வாடிக்கு உரியவன் ஏழாண்டு கழித்து வந்தான். விருந்தினர் மண்டபத்திலே அமர்ந்திருக்க, வீட்டுக்காரன் படலைக்கு வெளியே நின்ற ஏழாண்டு அது.

இவ்வரிசையைச் சுட்டுவது எவர் மீதும் பகை வளர்ப்பதற்கன்று. நமக்கு முன்னே இருக்கும் காலத்தை எண்ணியே சுட்டுகிறேன். 2019ஆம் ஆண்டு ஒக்டோபரிலே பலாலி விமான நிலையம் சர்வதேச விமான நிலையமாகத் திறக்கப்பட்டது. 2023ஆம் ஆண்டு ஒக்டோபரிலே நாகபட்டினத்துக்கும் காங்கேசன்துறைக்கும் இடையே பிரயாணிகள் கப்பற்சேவை தொடங்கி, சில நாட்களிலேயே நின்று, 2024ஆம் ஆண்டு ஆகஸ்டிலே மீண்டும் ஆரம்பமாயிற்று. நல்லூர்த் திருவிழாக் காலத்திலே கனடாவிலிருந்தும் சுவிற்சலாந்திலிருந்தும் வருவோர் பலர். அவர்களுட் சிலர் இதே ஊர்களிலே பிறந்தவர்கள். தாம் பிறந்த கரையைப் பார்க்க விடுதியிலே அறை எடுத்துத் தங்குபவர்கள். விமானமும் கப்பலும் புகையிரதமும் வந்து சேரும் கரைக்கு விடுதிகள் இன்னும் வரும். வராது என்று எண்ணுதல் பேதைமை. எவ்வாறு வரவேண்டும் என்பதை இப்பொழுதே சிந்தித்தல் வேண்டும்.

பிற கரைகளின் அனுபவம் நமக்கு உதவும். ஸ்பெயின் தேசத்திலே பெனிடோர்ம் என்றொரு மீனவ ஊர் இருந்தது. சூரைமீன் பிடிக்கும் பெரும் பொறிவலைகளை நடத்துவதிலே அவ்வூரார் பேர்பெற்றவர்கள். 1956ஆம் ஆண்டு அவ்வூர் புதியதொரு நகரமைப்புத் திட்டத்தை ஏற்று உல்லாசப் பிரயாணத்திலே இறங்கிற்று. இன்று அங்கே வானளாவிய கட்டடங்கள் நெருங்கி நிற்கின்றன. ஊரவர் பொருள் ஈட்டினர் என்பதை மறுக்க முடியாது. ஆனால் அவர்களைப் புகழ்பெறச் செய்த தொழில் பழங்கதையாயிற்று. ஓர் ஊர் தானே விரும்பித் தன் தொழிலை மாற்றிக்கொள்ளலாம். அது அதன் உரிமை. விருப்பம் கேட்கப்படாமலே மாற்றப்படுவது வேறு.

நம் நாட்டிலேயே அதற்கு உதாரணம் உண்டு. 2004ஆம் ஆண்டு திசம்பர் 26ஆம் நாள் கடல்கோள் வந்தபின், கரையிலிருந்து தெற்கிலும் மேற்கிலும் 100 மீற்றர், வடக்கிலும் கிழக்கிலும் 200 மீற்றர் தூரத்துக்குள் வீடு கட்டலாகாது என்று அரசாங்கம் அறிவித்தது. ஆபத்தைத் தவிர்ப்பதற்கென்று கூறப்பட்ட அவ்விதி, உல்லாச விடுதிகளுக்கு விலக்களித்தது. மீனவன் குடியிருந்தால் ஆபத்தான கரை, பிரயாணி தங்கினால் ஆபத்தற்றதாவது எங்ஙனம் என்று மக்கள் வினவினர். அவ்விதி பின்னர் தளர்த்தப்பட்டது. பாசிக்குடாவிலே யுத்தத்தின் பின் விடுதிகள் மீண்டும் எழுந்தபோது, பிறைபோல் வளைந்த அக்குடாவிலே வள்ளங்கள் ஒதுங்கும் இடம் ஒடுங்கிற்று.

இவற்றிலிருந்து நாம் அறிவன யாவை? முதலாவது, கரையின் மணற்பரப்பு. பிரயாணி குளிக்க விரும்புவதும் மீனவன் வள்ளம் ஏற்ற வேண்டியதும் ஒரே மணலிலேதான். பாறை மிகுந்த நம் வடகரையிலே அந்த மணல் அருமையானது. எவ்விடம் இறங்குதுறை, எவ்விடம் வலை காயப்போடும் தரை, எவ்வழி கடலுக்குப் போகும் ஒழுங்கை என்பனவற்றை விடுதிக்கு அனுமதி வழங்குமுன்னரே குறித்து எழுதி வைத்தல் வேண்டும். பாட்டுரிமை வாய்வழக்காய் இருந்து வந்தது. இருபத்தேழு ஆண்டு இடைவெளியிலே அதனை அறிந்த முதியோர் பலர் மறைந்துவிட்டனர். வாய்வழக்கு மறைந்த இடத்திலே வேலிக்கம்பி எளிதிலே முளைக்கும்.

இரண்டாவது, நீர். நமது நன்னீர்ப் படலம் மெல்லியது. அளவுக்கு மேல் இறைத்தால் கீழிருந்து உவர் மேலெழும். நீச்சற்குளமும் பூந்தோட்டமும் உடைய விடுதியொன்று கடலோரத்திலே ஆழ்கிணறு இறக்குமாயின், முதலிலே உவர்ப்பது அயல் வீட்டுக் கிணறே. ஏற்றமும் துலாவும் கொண்டு அளவாய் இறைத்த நாட்டிலே, இயந்திரத்தால் இறைப்போருக்கு ஓர் அளவு விதித்தல் அநியாயமாகாது.

மூன்றாவது, தொழில். மீனவன் மகன் விடுதியிலே தட்டுக் கழுவும் வேலையை மட்டுமே பெறுவானாயின் அவ்வூர் வளர்ந்தது என்று கூறலாகாது. அவன் பிடித்த மீனை அவ்விடுதி நியாய விலைக்கு வாங்குதல் வேண்டும். அவன் படகிலே பிரயாணிகளைக் கூட்டிச் சென்று கடலைக் காட்டும் தொழிலும் அவனுக்கே உரியதாதல் வேண்டும். ஊர்ப் பெண்கள் காயவைக்கும் கருவாடு அவ்விடுதியின் வாசலிலே விலைப்படுதல் வேண்டும். வள்ளுவர் விருந்தோம்பலுக்கு ஓர் அதிகாரத்தையே ஒதுக்கினார். அதனை இல்லறவியலிலே வைத்தார். இல்லம் உடையவனே விருந்தோம்ப முடியும் என்பது அதனாற் பெறப்படும். தன் கரையிலே தனக்கு இடமில்லாதவன் விருந்தோம்புவது எங்ஙனம்?

முடிவாக ஒரு சிறு நிகழ்ச்சியைக் கூறி அமைகிறேன். மயிலிட்டி விடுவிக்கப்பட்ட சில மாதங்களின் பின், எனது பாடசாலையிலே ஒன்பதாம் வகுப்பு மாணவர்களுக்கு ‘எனது ஊர்’ என்றொரு கட்டுரை எழுதக் கொடுத்தேன். நலன்புரி நிலையமொன்றிலே பிறந்து வளர்ந்த ஒரு மாணவன், தன் பேரனாரோடு முதன்முறையாக மயிலிட்டிக்குச் சென்றதை எழுதியிருந்தான். பேரனார் தாம் இழந்த வீட்டை முதலிலே தேடுவார் என அவன் நினைத்தானாம். அவரோ உறவினர் ஒருவரின் படகிலே ஏறிச் சற்றுத் தூரம் கடலிலே சென்று, திரும்பிக் கரையைப் பார்த்துக்கொண்டு நெடுநேரம் இருந்தாராம். எதைப் பார்க்கிறீர்கள் என்று பேரன் கேட்டான். ‘குறி பார்க்கிறேன், தம்பி. அந்தப் பெரிய பனை இல்லை. அதற்குப் பக்கத்துப் பனையும் இல்லை. கோயில் மட்டும் தெரிகிறது. ஒரு குறியை வைத்துக்கொண்டு பாரைக் கண்டுபிடிக்க இயலாது’ என்றாராம்.

அக்கட்டுரையைப் படித்த அன்று மாலை யான் காங்கேசன்துறைக் கரைக்குச் சென்றேன். உல்லாசப் பிரயாணிகள் சிலர் கடலுக்கு எதிரே நின்று படம் பிடித்துக்கொண்டிருந்தனர். கரையிலே நின்று கடலைப் பார்ப்பவர் பிரயாணி. கடலிலே நின்று கரையைப் பார்ப்பவர் மீனவர். பிரயாணிக்குக் கோபுரமும் பனையும் வெளிச்சவீடும் காட்சி. மீனவருக்கு அவையே வழி. காட்சிக்காக வருவோர் வரட்டும், வரவேற்போம். ஆனால் அக்காட்சியைத் திருத்தியமைக்க முற்படுவோர், எந்தப் பனையைத் தறிக்குமுன்னும், எந்தச் சுவரை எழுப்புமுன்னும், கடலிலிருந்து கரையைப் பார்ப்பவனிடம் ஒரு வார்த்தை கேட்டல் வேண்டும்.

அம்மாணவன் இப்பொழுது மயிலிட்டியிலே படகோட்டுகிறான். அவன் கையிலே திசையறி கருவி இருக்கின்றது. பேரனாரின் குறிகள் அவனுக்கு வேண்டியதில்லை என்று நினைத்தேன். அண்மையிலே அவனைக் கண்டபோது கேட்டேன். ‘கருவி இருக்கிறது, ஐயா. என்றாலும் வளவிலே ஏழெட்டுப் பனங்கொட்டை ஊன்றியிருக்கிறேன்’ என்றான்.

நேயர்களே, பனை வளர்ந்து குறியாகப் பல்லாண்டு செல்லும். அதுவரையில் அவனுடைய படகுக்கு இறங்குதுறை இருத்தல் வேண்டும்.